அவர் ஓ, நீ ஓ, நான்?

அக்கா: நகருடி. நான்தான் முதல்ல படுப்பேன்.

தங்கை: பஸ்ல ஜன்னல் சீட்டா இது, சண்டை போட? ரத்தம் எடுக்கற கட்டில்க்கா...

அக்கா: ஆபரேஷன் அப்பாவுக்கு. மூத்தவ நான்.

தங்கை: உன் ரத்தம் அவருக்குச் சேராதாம். நர்ஸ் சொன்னாங்க.

அக்கா: என் காதுல விழலையே? உன்னைத் தனியா கூட்டிட்டுப் போய்...

தங்கை: அது... அப்பா ஓ. நானும் ஓ. நீ வேற.

அக்கா: வேறன்னா?

தங்கை: உன்னோடதையும் எடுத்துப்பாங்க. வேற யாருக்காவது போகும்.

அக்கா: ஓகோ! உன்னோடது அப்பாவுக்கு, என்னோடது ஊருக்கு.

தங்கை: ஆரம்பிச்சிட்டியா...

அக்கா: அவர் மூக்கு உனக்கு. சுருட்டை முடி உனக்கு. இடது கைப் பழக்கம்கூட உனக்கு. இப்ப ரத்தமும். வயிறு எரியுதுடி.

தங்கை: முன்நெத்தி வழுக்கையும் வந்துட்டிருக்கு. வேணுமா?

அக்கா: குடு. அதையாவது குடு.

தங்கை: நீ அம்மா மாதிரிக்கா. அம்மா பி இல்லையா, அதான்...

அக்கா: கையில இருக்கற லேப் சீட்டை எதுக்கு மடிக்கிற? காட்டு.

தங்கை: ஒண்ணுமில்ல... அக்கா, இழுக்காதே!

அக்கா: ஏபி. நீ ஸ்கூல்ல இந்தப் பாடம்தானே நடத்துற, டீச்சரம்மா? ஓ அப்பாவுக்கு ஏபி பிள்ளை பொறக்குமா?

தங்கை: லேப்ல மாத்தி எழுதியிருப்பாங்க.

அக்கா: பாடத்தைச் சொல்லுடி.

தங்கை: ஏ ஒருத்தர்கிட்டேருந்து வரணும், பி இன்னொருத்தர்கிட்டேருந்து. ஓ-காரர்கிட்ட ரெண்டுமே கிடையாது. அதனால...

அக்கா: பொறக்காது.

தங்கை: அந்தச் சீட்டைக் கிழிச்சுப் போடுக்கா.

அக்கா: அழாதே. எனக்குப் பன்னெண்டு வயசுலேயே தெரியும். பீரோவுல அவங்க கல்யாணப் போட்டோ இருந்துச்சு. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் நிக்கிறேன், புது கவுன் போட்டுக்கிட்டு. அன்னைக்குப் பிடிச்சதுதான் உன்மேல இந்த எரிச்சல்.

தங்கை: எனக்கும் தெரியும்க்கா. அம்மா சொல்லியிருக்காங்க.

அக்கா: அப்ப மனசுக்குள்ள சிரிச்சிருப்ப. சொந்தப் பொண்ணு நீதானே.

தங்கை: சிரிச்சேனா? ஸ்கூல் ஃபாரம் எல்லாம் அப்பாதானே நிரப்புவார்? என்னோடதுல ரத்தப் பிரிவை விட்டுடுவார். கேட்டா, “டெஸ்ட் எடுக்காம எனக்கு எப்படிம்மா தெரியும்?”ன்னு சொல்வார். உன்னோடதுல ஒரு டெஸ்டும் எடுக்காம, வருஷா வருஷம், தன்னோட ஓ-வை அழுத்தி எழுதுவார். அதைப் பார்த்துப் பார்த்துப் பொறாமையில வெந்தவ நான்க்கா.