எதிர்வீடு கட்ட வந்த தாத்தா

என் தாத்தாவை நினைக்கக் கூடியிருக்கும் இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் கட்டடத் தொழிலாளர் சங்கத் தலைவர் அவர்களே! தாத்தாவோடு சாரம் ஏறிச் சாந்து பூசிய மூத்தோர்களே! தலையில் கலவை சுமந்து தரணிக்கு வீடு தந்த தாய்மார்களே! 'நீயே பேசு' என்று என்னை மேடையேற்றிவிட்டு, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் என் அம்மா அவர்களே! அனைவருக்கும் கைகூப்பிய வணக்கம்.

கல்லோடு பழகினார் என் தாத்தா, கலவையோடு பழகினார், ஆனால் கோபத்தோடு பழகியதுதான் அதிகம்! சிரிக்கிறீர்களே, திட்டு வாங்கியவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள் போலிருக்கிறது! நீங்கள் அவருக்கு வைத்த பெயர் மட்டம் மேஸ்திரி. மட்டமான மேஸ்திரி என்று யாரும் பொருள் கொள்ளாதீர்கள்! சுவரின் மட்டம் சரியாகும்வரை சோற்றைத் தொடாதவர் என்று பொருள்.

அந்தக் கோபம் ஒருநாள் பெற்ற மகள்மீதே பாய்ந்தது. தாத்தாவின் கட்டடங்களில் ஒயரிங் வேலை பார்த்த எலக்ட்ரீஷியனைத்தான் கட்டிக்கொள்வேன் என்றார் என் அம்மா.

"அப்படின்னா இந்த வாசப்படியை இனிமே மிதிக்காதே!" என்றார் தாத்தா.

"நீங்களும் என் வாசப்படியை மிதிக்க வேண்டாம்!" என்றார் அம்மா.

ரோஷத்தில் யாருக்கு யார் குறைந்தவர்? கல்யாணம் நடந்தது. நான் பிறந்தேன். பேச்சுமட்டும் பிறக்கவில்லை.

எனக்கு நாலு வயதிருக்கும். எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த காலிமனையில் ஒரு வீடு எழும்பத் தொடங்கியது. மேஸ்திரி யார்? அவரேதான்! பெரிய பெரிய வேலைகள் காத்திருக்க, அந்தச் சின்ன வீட்டை ஏன் கேட்டு வாங்கினார்? கூலிக்காக வந்தாரா? பேருக்காக வந்தாரா? எதிர்வாசலில் விளையாடும் பேத்தியின் முகத்துக்காக வந்தார்!

வந்தவர் உறவு சொல்லவில்லை. எனக்கும் அவர் யாரென்று தெரியாது. நான் மணலில் விளையாட வருவேன் என்று, குவியலின் ஒரு மூலையைமட்டும் கல் போக, சிப்பி போகச் சலித்து வைப்பார். முழங்கால் சிராய்த்துவிடக் கூடாதாம்! "பாப்பா சாப்டியா?" என்பார்.

வீட்டுக்காரர் ஒருநாள் பொறுமையிழந்து, "என்ன மேஸ்திரி, அரண்மனையா கட்டறீங்க? வேலை நகரவே மாட்டேங்குதே!" என்றார்.

"அவசரப்பட்டா சுவரு நிக்காதுங்க."

சுவரா நிற்காது? சுவர் நிற்கும்! பேத்தியைப் பார்ப்பதல்லவா நின்றுபோகும்!

ஜன்னலுக்குப் பின்னாலிருந்து அம்மா எல்லாவற்றையும் பார்த்தார். பேசவில்லை. ஆனால் என்னை ஒருநாளும் தடுக்கவுமில்லை.

அப்போதுதான் எனக்குக் கடுங்காய்ச்சல் வந்தது. மணல்மேடு வெறிச்சோடியது. தாத்தா பூச்சுக் கரண்டியைக் கீழே வைத்தார். சித்தாள் அக்காவைத் தூது விட்டார். இதோ, இரண்டாம் வரிசையில் இருக்கிறார், அவரே சாட்சி!

"பாப்பாவைக் காணோமேம்மா, உடம்புக்கு என்ன?"

"கேக்கச் சொன்னவருக்கு வாயில்லையாக்கா?" என்றார் அம்மா.

அதைக் கேட்டதும் கைகூடக் கழுவாமல் தெருவைத் தாண்டி ஓடிவந்தார் தாத்தா. வந்தவருக்கு வாசலில் கால் எழவில்லை. என்ன பேசுவது? தொழிலைத் தவிர வேறு பேச்சு அறியாத மனிதர், சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இதுல ஒரு விரிசல் இருக்கற மாதிரி தெரியுது. உள்ள வந்து பாக்கட்டுமா?"

"எங்க சுவருல விரிசலே இல்லப்பா."

அப்பா! அந்த ஒரு சொல்லுக்கு அவர் எத்தனை காலம் ஏங்கியிருப்பார்!

"இல்லதாம்மா, தெரியும். நான்தானே உன்னைப் போகச் சொன்னேன். சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்துக்க வந்திருக்கேன்."

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். என் அப்பாதான் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உள்ள வாங்க மாமா, உக்காருங்க" என்றார். தாத்தா உட்காரவில்லை. என் கட்டிலருகே வந்தார். சிமெண்ட் காய்ந்த கையைத் துண்டில் துடைத்தார், மறுபடி துடைத்தார். உள்ளங்கை சொரசொரக்குமே என்று புறங்கையால் என் நெற்றியைத் தொட்டார்.

அதற்குப் பிறகு எதிர்வீடு மளமளவென்று முடிந்தது. காரணம் அந்த வீட்டுக்காரருக்கு இன்றுவரை தெரியாது!

சென்ற ஆண்டு என் தாத்தா மறைந்தார். ஈரச் சிமெண்டின் வாசம் வந்தால் இப்போதும் என் கால் நின்றுவிடுகிறது. சாரத்தில் நிற்கும் முதியவர் திரும்பினால் அந்த முகமாக இருக்காதா என்று நெஞ்சு தவிக்கிறது. இருக்காது. தெரியும். தெரிந்தும் நிற்கிறேன்! என் அம்மாவோ, "பேசாம இருந்த வருஷத்தை யாரு திருப்பித் தருவா?" என்கிறார். யார் தருவார்? தெருத்தெருவாக வீடு கட்டியவரால், வீம்பில் இழந்த ஒரு மாலைப்பொழுதை மீண்டும் கட்ட முடிந்ததா? முடியவில்லையே!

மகளோடு பேசாத தந்தை இந்த அவையில் இருக்கிறாரா? அண்ணனைக் கண்டால் முகம் திருப்பும் தம்பி இருக்கிறாரா? யார் முதலில் பேசுவது என்று பார்க்காதீர்கள்! நீங்கள் பேசுங்கள்! இன்றே பேசுங்கள்! இப்போதே பேசுங்கள்!

அதோ, ஓரத்தில் ஒரு பெரியவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே போகிறார். பாதியில் எழுந்து போவதற்கு மன்னிப்பு எதற்கு ஐயா? போங்கள், போய்ப் பேசுங்கள். அவருக்கு வழிவிடுங்கள் தாய்மார்களே! இவ்வளவு நேரம் என் தாத்தாவை உங்கள் மனதில் உட்காரவைத்த உங்களுக்கு என் நன்றி. வணக்கம்.