மூத்தவனைத் தேர்ந்தெடுக்காத பொறியாளருக்கு

நேரம் தவறாத கருவிகளை நெஞ்சாரச் செய்தவரே! பிழை கண்டால் பொறுக்காதவரே, பிழை செய்தவரைப் பொறுத்தவரே! எங்கள் மருந்தேற்றும் கருவிப் பிரிவிலிருந்து இன்று பணி ஓய்வு பெறும் தலைமைப் பொறியாளர் அவர்களே!

இன்னும் அடுக்கினால் "விஷயத்துக்கு வாங்கப்பா" என்பீர்கள். வருகிறோம்.

கருவிக்குள் எந்த வேலை முதலில், எது அடுத்தது என்று நேரப்படி நடத்தும் மென்பொருளுக்குக் கெர்னல் என்று பெயர். எங்கள் பழைய கருவிகள் அனைத்திலும் ஓடுவது நீங்கள் தனியொருவராக எழுதியது. நாங்கள் அதற்கு வைத்த பெயர் மூத்தவன். புதிய கருவிக்கு அவனா, வெளியே பலரும் பயன்படுத்தும் கெர்னலா என்று முடிவெடுக்கக் கூடினோம்.

நீங்கள் கொண்டுவந்த வழக்கம் ஒன்று இங்கே உண்டு. யாருக்கு எது பிடிக்கிறதோ, அதன் குறையை அவரே சொல்ல வேண்டும். உங்கள் மனம் நோகக் கூடாதென்று எல்லோரும் மூத்தவனுக்கே கை தூக்கினோம். அதனால் எல்லோரும் அவனையே குறை சொல்ல வேண்டியதாயிற்று.

"குறையே இல்ல மேடம்" என்றார் மோட்டாரைக் கவனிக்கும் எங்கள் அண்ணன்.

"குறையே இல்லையா? அப்ப யாரும் ஒழுங்கா பார்க்கலன்னு அர்த்தம். நானும் அவனுக்குத்தான் கை தூக்கினேன். நானே சொல்றேன்" என்றீர்கள்.

புதிய கருவியை மேசைமேல் வைத்து, மூத்தவனை ஓடவிட்டு, செவிலியர் அறைக்குத் தகவல் அனுப்பும் இணைப்பைச் செருகினீர்கள். மருந்து போகும் குழாயில் ஒரு காற்றுக்குமிழியை விட்டீர்கள். குமிழி நோயாளியின் இரத்தத்தில் கலந்தால் ஆபத்து; மருந்தைத் தள்ளும் மோட்டார் உடனே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டுமே உள்ளே விடும் பூட்டைத் தகவல் அனுப்பும் சிறிய வேலை பிடித்துக்கொண்டிருக்க, மோட்டாரை நிறுத்தும் பெரிய வேலை வெளியே காத்திருந்தது. குமிழி நகர்வதை எல்லோரும் பார்த்தோம். இணைப்பே இல்லாத பழைய கருவிகளில் இந்தச் சிக்கல் எழ வழியில்லை.

"சரி பண்ணிடலாமே மேடம். நீங்க பெத்த பிள்ளை மாதிரி அது" என்றார் அண்ணன்.

"பிள்ளைதான். அதுக்காக எல்லா வேலைக்கும் அவனையே அனுப்ப முடியுமாப்பா? இதை நான் சரி பண்ணிடுவேன். நான் போனதுக்கப்புறம் இன்னொண்ணு வந்தா? அந்தக் கெர்னலை நூறு பேர் பார்க்கிறாங்க. இவனை நான் ஒருத்திதான் பார்க்கிறேன்."

பிறகு எழுந்து போய் எல்லோருக்கும் தேநீர் கொண்டுவந்தீர்கள். உங்கள் கோப்பை மட்டும் ஆறிப்போனதைப் பார்த்தோம்.

புதிய கருவி அந்த வெளிக் கெர்னலோடு இப்போது மருத்துவமனைகளில் ஓடுகிறது. குமிழி வந்தால் நிற்கிறது. கட்டிலில் படுத்திருப்பவருக்கு உங்களைத் தெரியாது. தெரியத் தேவையில்லாதபடி வேலை செய்தீர்கள். அதுவே உங்கள் பெருமை.

உங்களிடம் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. அன்று முதல் மதிய உணவுக்குப் பின் நாங்கள் கூடி மூத்தவனை வரிவரியாகப் படித்து வந்தோம். படித்து முடித்துவிட்டோம். குறைகளும் கண்டோம், திருத்தியும் இருக்கிறோம். அவன் ஓடும் கடைசிக் கருவி அணையும்வரை அவனைப் பார்த்துக்கொள்ள இப்போது இத்தனை பேர் இருக்கிறோம்.

உடல்நலம் குன்றாமல், உறக்கம் கெடாமல், தேநீரைச் சூடாகவே குடித்து நெடுநாள் வாழ்க! எங்களிடமிருந்து தொலைபேசி வந்தால் பதறாதீர்கள். உங்கள் நலம் விசாரிக்க மட்டுமே அழைப்போம்.

அன்புடன்,
மூத்தவனின் புதிய காப்பாளர்கள்,
மருந்தேற்றும் கருவிப் பிரிவு