அம்மா தெளிவாகச் சொன்ன ஒரு சொல்

ஸ்கூடாயிலிருந்து ஜொகூர் பாரு போகும் பேருந்து நெரிசலில் நின்றுவிட்டது. எனக்குப் பின் இருக்கையில் யாரோ ஒரு அக்காவும் தங்கையும். தங்கையின் மடியில் கணினி திறந்திருந்தது.

“நாளைக்கு மாநாட்டுல அம்மா குரலப் போடப் போறேன்க்கா,” என்றாள் தங்கை.

“செத்துப்போனவங்க குரலையா? எதுக்குடி?”

“ஸ்ட்ரோக் வந்தவங்களுக்குப் பேச்சு எப்படிப் போகுதுன்னுதானே என் ஆராய்ச்சியே. அம்மாகிட்ட கேட்டேன், சரின்னு தலையாட்டுனாங்க. அப்புறம்தான் ரெக்கார்ட் பண்ணேன்.”

“எனக்குப் போட்டுக் காட்டு.”

தங்கை காதில் இருந்த இயர்போனைக் கழற்றிக் கொடுத்தாள். அக்கா அதை மாட்டிக்கொண்டு கேட்டாள்.

“என்னையத்தானே கூப்பிடுறாங்க!”

“ஆமாக்கா. மத்ததெல்லாம் குழறல். உன் பேரு மட்டும்தான் தெளிவா வந்துச்சு.”

“நான் சிங்கப்பூர்ல மாட்டிக்கிட்டேன்லா. லீவு கிடைக்கல. அம்மா கூப்பிட்டத நீ ஏன் அப்பவே சொல்லல?”

“சொல்லியிருந்தா லீவு கிடைச்சிருக்குமா?”



“அந்த இடத்த மட்டும் வெட்டிரு,” என்றாள் அக்கா.

“அந்தப் பேரு மட்டும் எப்படி மிஞ்சுச்சுன்னுதான் பேசப் போறேன். அத வெட்டிட்டா நான் அங்க பேசுறதுக்கே ஒண்ணும் இல்லக்கா.”

பேருந்து மெல்ல நகர்ந்தது. அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“இன்னொரு தடவ போடு,” என்றாள்.