முத்திரை ஒட்டிய கடதாசி

– இப்படி எழுதிக் குடுத்தா செல்லாது அண்ணே. முதல்ல உக்காருங்க.

– இல்லீங்க லோயர் மிஸ், நிக்கிறேன். சட்டையெல்லாம் மழையில நனைஞ்சிருக்கு... முத்திரைகூட ஒட்டியிருக்குங்களே? கோர்ட்டு வாசல்ல பெட்டிசம் எழுதுறவருதான் எழுதுனாரு.

– நல்லா எழுதினாரு! ‘இன்று முதல் இவள் என் மகள் அல்ல, இவள்மேல் எனக்கு எந்த உரிமையும் கிடையாது.’ காணி விக்கிற உறுதி மாதிரியில்ல இருக்கு.

– பெத்தவன் கையெழுத்துப் போட்டா போதும்னாரு...

– முத்திரை ஒட்டிப் பிள்ளைய வெட்டிவிட ஏலுமா? யாரோட பிள்ளை?

– பக்கத்து வீட்டுக்காரரு புள்ளைங்க. கலஹாவுல, எங்க தோட்டத்து லயத்துலதான். அவரு இங்க வர வெக்கப்பட்டாரு.

– வயசு?

– வர்ற மாசியில பதினேழு.

– பதினெட்டு ஆனா சட்டமே விட்டிரும். இன்னும் ஒரு வருஷம் சொச்சம் பொறுத்தா...

– அது வரைக்கும் தாங்காதுங்க மிஸ்.

– அப்போ கோர்ட்டுக்குத்தான் போகணும். பிள்ளை தனியா வழக்குப் போட ஏலாது. பெரியவங்க யாராவது அவளுக்காக நிக்கணும்.

– கம்பளையில சித்தி இருக்காங்க. புள்ள இப்ப அங்கதான் இருக்கு.

– தங்குறது, படிப்பு, சாப்பாடு எல்லாம் கேப்பாங்க. நன்னடத்தை ஆபீசர் போய்ப் பாத்து ரிப்போட் குடுப்பாரு. அதுக்கு மேல, அப்பாகிட்ட இருந்தா ஆபத்துன்னு நிரூபிக்கணும்.

– நிரூபிக்கிறதுன்னா...

– தெரிஞ்சவங்க யாராவது வந்து சொல்லணும்.

– லயத்துல ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. நாளைக்கும் அந்த மூஞ்சியிலதானே முழிக்கணும்.

– அம்மா?

– குவைத்துல. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.

– அப்படி என்னதான் செஞ்சாரு அந்த மனுஷன்?

– குடிப்பாருங்க. அன்னைக்கு... வெறகுக் கட்டையால... கை ஒடைஞ்சிருச்சு. மலையில வழுக்கி விழுந்துச்சுன்னு ஆஸ்பத்திரியில பொய் சொன்னாரு. டாக்டர் கேட்டப்போ புள்ள தலைய மட்டும் ஆட்டுச்சு.

– நீங்களும் அங்க இருந்தீங்களா? அண்ணே, என்னைப் பாத்துப் பேசுங்க.

– எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பாக்குறது? நான்தான் மிஸ். என் புள்ளதான். குடியத் தொடாம ஒரு மாசமாச்சு. ஆனா என்னய எனக்கே நம்பிக்கை இல்ல. வெக்கமா இருக்கு மிஸ்...

– கம்பளைச் சித்தின்னதுமே தெரிஞ்சிட்டுது.

– எப்படிங்க?

– சொல்லக்கூடாது. ஆனாலும் சொல்றேன். உங்க மக ஷெரோன் போன செவ்வாய்க்கிழமை இந்தக் கதிரையில உக்காந்திருந்தா.

– ஐயோ... தனியாவா வந்துச்சு?

– தனியாத்தான். பிரிஞ்சு போக என்ன செய்யணும்னு கேட்டா. எல்லாம் சொன்னேன். மனுவும் பாதி எழுதியாச்சு. அப்புறம் ஒண்ணு கேட்டா.

– என்னத்த?

– கோர்ட்டுல அப்பா பேரைச் சத்தமா கூப்பிடுவாங்களான்னு. ஆமான்னேன். கூப்பிடாம செய்ய ஏலுமான்னா. ஏலாதுன்னேன். அப்போ வேணாம் மிஸ்னு எழும்பிப் போயிட்டா. தண்ணி குடிங்க அண்ணே.

– மிச்சத்தையும் எழுதுங்க மிஸ். சாட்சி சொல்ல நான் வர்றேன். எம்பேரு அந்தோனி, எங்கப்பா பேரு மரியசூசை. நல்லாச் சத்தமாவே கூப்பிடச் சொல்லுங்க.