ஆளுக்கொரு டம்ளர்

ஏரியூர் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்த அம்மா, பக்கத்துச் சீட்டுக்காரியிடம் சொன்னார்: "எங்க வூட்டுக்காரரு மருந்த ஊர்சனமே குடிச்சிருச்சுங்க."

"என்ன மருந்துங்க?"

"வயித்துல ஆபரேசன். சோறு எறங்கல. புண்ணு ஆறணும்னா இதக் குடிக்கணும்னு டாக்டர் எழுதிக் குடுத்தாரு." கட்டைப்பையிலிருந்து புரோட்டீன் பாட்டிலை எடுத்துக் காட்டினார். "இவரு என்னடான்னா, பாக்க வர்றவங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு டம்ளர் ஊத்தச் சொல்லிட்டாருங்க. வந்தவங்கள சும்மா உக்கார வெச்சிட்டு நான் மட்டும் குடிக்கறதாங்கறாரு."

"அவங்களுக்கு டீ போட்டுக் குடுக்கலாமில்லீங்க?"

"சொன்னேங்க. நல்லது நமக்கு, டீ அவங்களுக்கான்னு சண்டைக்கு வர்றாரு."

"அப்புறம்?"

"இப்ப யாரும் பாக்க வர்றதில்லீங்க. ஆனா தனியாவும் குடிக்க மாட்டேங்கறாரு. அதனால நாந்தான் ஒரு டம்ளரோட எதிர்ல உக்காந்துக்கறேன். என்னுதுல வெறும் மோரு."

"கண்டுபிடிக்கலையா?"

"இல்லீங்க. நேத்து என்னையப் பாத்து, நீயும் எளச்சுப் போயிட்ட, இன்னுங் கொஞ்சம் ஊத்திக்கங்கறாரு."

பாட்டிலைத் திரும்பப் பையில் வைத்தார்.

"கட்டிக்கிட்டு வந்ததுல இருந்து, நீ சாப்டியான்னுகூடக் கேக்காத மனுசனுங்க அவரு."