விழாத பெண்

என் நிகழ்ச்சிக்கு வருகிறவர்களுக்கு முதலில் வெந்நீர்தான் கொடுப்பேன். ஐஸ் போட்ட எதையும் மைக் பக்கம் விடமாட்டேன், தொண்டை கம்மிவிடும். நீங்கள் கொடுத்த தேநீர் நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் லோகன். நிதானமாகவே சொல்கிறேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு புடவைக் கடையின் மாடியில் என் ஸ்டூடியோ. ‘அடுத்த படி’ என்று பாட்காஸ்ட். தொழிலில் முன்னுக்கு வந்தவர்களை உட்காரவைத்துப் பேட்டி எடுப்பேன். கேட்கிறவன் மறுநாள் காலையில் எழுந்து உருப்படியாக ஏதாவது செய்ய வேண்டும், அதுதான் நோக்கம். கடைசியில் எல்லாரிடமும் ஒரே கேள்வி: “நீங்க விழுந்த நாள் எது?” சனங்கள் அதற்குத்தான் காத்திருப்பார்கள். அம்பாங்கில் ஜிம் வைத்திருக்கும் முரட்டு ஆள்கூட அந்தக் கேள்விக்குக் கண்ணைத் துடைத்தார்.

அமுதவள்ளி கிள்ளானில் முறுக்குப் போட்டு விற்கிறவர். கடைவீட்டின் கீழே அடுப்படி, மேலே வேலையாட்கள் தங்கும் அறை. சரக்கு சிங்கப்பூர் வரைக்கும் போகிறது. பேட்டிக்கு வந்தவரிடம் அதே கேள்வியைக் கேட்டேன். உண்மையாகவே யோசித்துப் பார்த்தார்.

“அப்படி ஒண்ணும் இல்ல லா. முறுக்கு நல்லா இருந்துச்சு, ஆளுங்க வாங்கினாங்க.”

“அழுத நாள் ஒண்ணாச்சும் இருக்கும்ல அக்கா?”

“வெங்காயம் உரிச்சா அழுவேன்.” சிரித்தார். “நீங்க என்ன பிசினஸ் பண்ணி விழுந்தீங்க தம்பி? அத சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்.”

நான் தொழில் எதுவும் செய்ததில்லை. கேட்பதுதான் என் தொழில். காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கிற டாக்டரிடம் உனக்குக் காய்ச்சல் வந்ததா என்று யாராவது கேட்கிறார்களா? அந்த இடத்தை நான் நறுக்கி எறிந்துவிட்டேன். ஆனால் அவர் கணவர் விஜயன் மூலையில் நின்று போனில் படம் பிடித்திருக்கிறார். நான் பதில் தெரியாமல் வாயைத் திறந்து மூடியது மட்டும் தனியாக ஊரெல்லாம் சுற்றியது. வழக்கமாகச் சாப்பிடும் வாழையிலைக் கடையில், பரிமாறுகிறவன் ரசத்தை ஊற்றிக்கொண்டே, “பாஸ், இன்னைக்கு எங்க விழுந்தீங்க?” என்றான். அடுத்த வாரம் வருவதாக இருந்த ரஞ்சனி என்ற அழகு நிலையக்காரி, “வேணாம் பிரதர், என் ஸ்டாஃப்லாம் சிரிப்பாங்க” என்று போனை வைத்துவிட்டாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன், அவ்வளவுதான். எத்தனை முறை போட்டாலும் அமுதவள்ளி அதே இடத்தில் சிரித்தாள். பிறகுதான் விஷயம் விளங்கியது. கஷ்டமே படாமல் முன்னுக்கு வந்தேன் என்று ஒருத்தி சொன்னால், நாய் படாத பாடு படுகிறவர்கள் முகத்தில் காறித் துப்பியதாகத்தானே அர்த்தம்? அவரிடம் எல்லாம் இருந்தது, அந்த ஒரு நாளைத் தவிர. அதை யாராவது கொடுக்க வேண்டியிருந்தது.

தைப்பூசத்தன்று ஊரே பத்துமலைக்குக் கிளம்பியபோது நான் கிள்ளானுக்கு ரயில் ஏறினேன். பெட்டியில் நல்ல இடம் கிடைத்தது. கடையின் பின்பக்கச் சந்தில் ஆள் நடமாட்டம் இல்லை. சாவியை எடுத்துத் திறந்தேன். எண்ணெய் டின்கள் அடுக்கியிருக்கிற இடத்தில் ஒரு தீக்குச்சிக்கு மேல் பெரிதாக வேலை ஒன்றும் இருக்கவில்லை.

மாடியில் இருந்த கலியமூர்த்தி இறந்துபோனார். தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தவர். சன்னலுக்கு இரும்புக் கம்பி போட்டிருந்தார்கள்.

மேலே ஆள் இருந்தது தெரியாது என்று நேற்று உங்களிடம் சொன்னேன். தைப்பூசத்துக்குக் கடையை மூடிவிட்டு எல்லாரும் பத்துமலையில் தண்ணீர்ப் பந்தல் வைக்கப் போவோம் என்று அமுதவள்ளியே பேட்டியில் சொல்லியிருக்கிறார் என்றேன். வெளிவந்த நிகழ்ச்சியில் அவ்வளவுதான் இருக்கிறது. நீங்கள் நறுக்காத பதிவைக் கேட்டு வாங்கி, இன்று காலை என் முன்னால் ஓடவிட்டீர்கள்.

“எங்க கடையில பூட்டுக்கு மதிப்பே இல்ல லா, சாவி மீட்டர் பெட்டி மேலதான் கிடக்கும். தைப்பூசத்துக்கு கலியமூர்த்தி அண்ணே மட்டும் வரமாட்டாரு, கூட்டம் அவருக்கு ஒத்துக்காது. மேல உக்காந்து ஊருக்கு போன் போட்டு பிள்ளைங்ககிட்ட பேசிக்கிட்டே இருப்பாரு.”

அதை நான்தான் நறுக்கினேன். கேட்கிறவனைத் தட்டி எழுப்புகிற சரக்கு அதில் ஒன்றும் இல்லை.

“ஒரே துண்டுல சாவியும் இருக்கு, ஆளும் இருக்காரு. சாவி மட்டும் எப்படிங்க ஞாபகம் இருந்துச்சு?” என்று கேட்டீர்கள்.

நியாயமான கேள்வி. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். இரண்டுமே ஞாபகம் இருந்தது. சந்தில் நின்றபோது மேலே அவர் பேசுவது காதில் விழுந்தது. “சாப்டியாடா பாப்பா, என்ன கொழம்பு?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றேன். நல்ல குரல், மைக்குக்கு ஏற்ற குரல்.

கடை மட்டும் எரிந்திருந்தால் அமுதவள்ளி மூன்று மாதத்தில் வேறு இடம் பிடித்திருப்பார். அதையும் வெங்காயக் கதையாக்கி எல்லாரையும் சிரிக்க வைத்திருப்பார். ஓர் உயிர் போனால் அப்படிச் செய்ய முடியாது. சவப்பெட்டியை ஊருக்கு அனுப்பிய அன்று நானும் போயிருந்தேன். அமுதவள்ளி தரையில் உட்கார்ந்து, பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு, எடுக்க வந்தவர்களை எடுக்கவிடாமல் இருந்தார்.

தெரிந்தேதான் கொளுத்தினேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கோபத்தில் செய்ததாக மட்டும் எழுதாதீர்கள், இன்ஸ்பெக்டர். அவருடைய வளர்ச்சிக்காகத்தான் செய்தேன். இனிமேல் சிரிக்கட்டும் அவள், பார்க்கிறேன்.