இறுகின பிஸ்ரன்

தியாகராசா: மச்சாள், விரலை எடுங்கோ… எடுங்கோ எண்டுறன்!

குணலட்சுமி: எடுத்தால் றிங் விரியுமெண்டு இப்பதானே சொன்னீர்?

தியாகராசா: சிலிண்டர் மூடினால் எடுக்கலாம். மெல்ல… மெல்ல… இறங்குது… அப்பாடா! பிஸ்ரன் முழுக்க உள்ளுக்கை போயிட்டுது!

குணலட்சுமி: ஐயோ, என்ரை நகம்!

தியாகராசா: நகம் வளரும் மச்சாள். றிங் முறிஞ்சால் ஆர் தாறது? இந்த ஒரு றிங்குக்கு மானிப்பாய், சுன்னாகமெண்டு எட்டுக் கராச் ஏறி இறங்கினனான்.

குணலட்சுமி: கதையை விட்டிட்டுக் கெதியாய்ப் பூட்டும். உம்மடை அண்ணர் கிளாலிக் கடலாலை வந்து கொடிகாமத்திலை தேத்தண்ணி குடிக்கிறாரெண்டு பக்கத்து வீட்டு இரத்தினம்மாக்கான்ரை மகன் வந்து சொல்லி ஒரு மணித்தியாலமாச்சு.

தியாகராசா: அண்ணை தேத்தண்ணியை ஆறுதலாய்த்தான் குடிப்பார்.

குணலட்சுமி: பதினாறு நாள் கொழும்பிலை நிண்டிட்டு வாற மனுசன்… வந்த உடனை முதல் என்னைப் பாப்பாரோ, உந்த மோட்டசைக்கிளைப் பாப்பாரோ?

தியாகராசா: உண்மையைச் சொல்லட்டோ?

குணலட்சுமி: வேண்டாம். நட்டைப் பூட்டும்.

தியாகராசா: போகேக்கை உங்களுக்கு முன்னாலைதானே சொன்னவர்? "நான் வருமட்டும் ஒருத்தரும் தொடக்கூடாது. வந்தண்டைக்கு ஒரு மிதியிலை ஸ்ராட் வந்தால், ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கு உனக்குத்தான்" எண்டு…

குணலட்சுமி: பிள்ளையார் மேலை சத்தியமும் பண்ணினவர். எனக்கே நம்பேலாமல் கிடந்தது. துடைக்கக்கூட ஒருத்தரையும் கிட்ட விடாத மனுசன்!

தியாகராசா: நாலு வருசமாய்க் கேக்கிறன் மச்சாள்! சவாரித் திடலிலை இவ்வளவு காலமும் மாடு ஓடத்தான் பாத்தது. இந்த முறைதான் மோட்டசைக்கிள் ஓட்டம் வைக்கினம். பத்துப் பேர் பேர் குடுத்திருக்கினம். உது மாதிரி மேடு பள்ளம் பாயிற காட்டு மோட்டசைக்கிள் ஒருத்தனிட்டையும் இல்லை. ஏறி இருந்தால்… சூ!

குணலட்சுமி: சூ பேந்து. நில்லும்… சிலிண்டருக்குக் கீழை எட்டிப் பாக்கிறது என்ன? ரோசாப்பூக் கீறின கடதாசி மாதிரி…

தியாகராசா: அது… பக்கிங் மச்சாள். எண்ணெய் ஒழுகாமல் நடுவிலை வைக்கிறது. தடிச்ச மட்டை வேணும். கடையிலை பக்கிங்குக்கு எங்கை போறது?

குணலட்சுமி: தியாகு! எங்கடை கலியாண அழைப்புக் காட்டோ?

தியாகராசா: ஒண்டே ஒண்டு! அலுமாரியிலை இன்னும் ஒரு கட்டுக் கிடக்கு.

குணலட்சுமி: என்ரை பேர் கிடந்த பக்கமோ, அவரின்ரை பேர் கிடந்த பக்கமோ?

தியாகராசா: ரண்டு பேரும் உள்ளுக்கைதான் இருக்கிறியள். அசைக்கேலாது இனி.

குணலட்சுமி: வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை… ஓய், நான் கழுவேக்கை பிஸ்ரன் தலையிலை ஒரு அம்புக்குறி கண்டனான். அது முன்னுக்கோ பின்னுக்கோ பாக்கவேணும்?

தியாகராசா: ஐயோ, அம்புக்குறி!

குணலட்சுமி: தியாகு?

தியாகராசா: முன்னுக்கு. சைலன்சர் பக்கம். நான்… எப்பிடிப் போட்டனான்?

குணலட்சுமி: என்னைக் கேக்கிறீரோ!

தியாகராசா: ஹெட் இன்னும் மூடேல்லை. பொறுங்கோ, மேலாலை பாக்கிறன்… முருகா… முன்னுக்கு! முன்னுக்குத்தான் மச்சாள்!

குணலட்சுமி: என்ரை உயிர் போய் வந்துது. ஹெட்டைத் தாரும், நான் பிடிக்கிறன்.

தியாகராசா: குறுக்கும் மறுக்குமாய் இறுக்கவேணும். ஒண்டு… அடுத்தது எதிர்ப் பக்கம்… மச்சாள், ஒண்டு கேட்டால் கோவிக்கமாட்டியளே?

குணலட்சுமி: இறுக்கிக்கொண்டு கேளும்.

தியாகராசா: பிஸ்ரனிலை கிடந்த கீறலை எமரிக் கடதாசியாலை ரண்டு நாள் தேய்ச்சனான். பெற்றோல் இல்லாமல் விடுற மண்ணெண்ணெயிலை தேங்காயெண்ணெய் கலக்காமல் ஓடினால்தான் அப்பிடிக் கீறி இறுகும்.

குணலட்சுமி: அதுக்கு?

தியாகராசா: நீங்கள் ஓடினதெண்டு செத்தாலும் அண்ணையிட்டைச் சொல்லமாட்டன்.

குணலட்சுமி: நானோ! ஓடினது நீரல்லோ? உம்மைக் காட்டிக்குடுக்கக்கூடாதெண்டுதானே மூண்டு நாளாய் உந்தக் கரியுக்கை கிடக்கிறன்!

தியாகராசா: நான் ஓடேல்லை! கிக்கரை… ஒருக்கா மிதிச்சன். போன வெள்ளி. கல்லு மாதிரி நிண்டுது.

குணலட்சுமி: வெள்ளியோ? நான் வியாழக்கிழமை மிதிச்சனான்…

தியாகராசா: நீங்களோ!

குணலட்சுமி: ஏன், எனக்கு ஆசை இராதோ? சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினன். மிதிச்சன். அசையேல்லை. என்னவோ முறிச்சுப்போட்டனாக்குமெண்டு படங்கை இழுத்து மூடிப்போட்டுக் கோயிலுக்கு ஓடினனான்.

தியாகராசா: பொறுங்கோ… வியாழனே இறுகித்தான் கிடந்ததெண்டால்…

குணலட்சுமி: கதைக்காதையும்! வாழைக்குள்ளாலை ஒராள் வாறார்… தோளிலை பை… அவர்தான்!

தியாகராசா: பிளக்! பிளக்கைத் தாங்கோ! பெற்றோல் விட்டு வைச்ச வாசனைச் சென்ற் போத்தல் எங்கை?

குணலட்சுமி: இந்தாரும். ஒரு மூடி பெற்றோல்தான் கிடக்கு.

தியாகராசா: ஸ்ராட் வர அது காணும். ஓடத் தொடங்கினால் மண்ணெண்ணெய் பாக்கும்… விட்டாச்சு. துணியாலை கையைத் துடையுங்கோ!

குணலட்சுமி: வாங்கோ! வாங்கோ! களைச்சுப்போனியள் என்ன?

சீவரத்தினம்: என்ன குணம், முகமெல்லாம் கரி? டேய் தியாகு, படங்கை ஆர் எடுத்தது?

தியாகராசா: வந்தண்டைக்கு மிதிச்சுப் பாக்கிறதெண்டு கதை அண்ணை. மிதிக்கட்டோ?

சீவரத்தினம்: இப்ப என்ன அவசரம்? நாளைக்குப் பாப்பம்.

குணலட்சுமி: இண்டைக்கெண்டுதானே சொன்னனீங்கள்!

சீவரத்தினம்: சொன்னனான்தான்… சரி, மிதி. ஒண்டே ஒண்டு. வராட்டில் ஓட்டக் கதை எடுக்கக்கூடாது. பாவம், நீயும் ஆசைப்பட்டனி…

தியாகராசா: முருகா… ம்ம்!

குணலட்சுமி: வந்திட்டுது! ஐயோ, வந்திட்டுது! என்ன புகை, என்ன மணம்… பலகாரம் சுட்ட மாதிரி! தியாகு, ஞாயிற்றுக்கிழமை உமக்குத்தான்!

தியாகராசா: அண்ணை! சத்தத்தைக் கேளுங்கோ அண்ணை! ஒரே மிதி!

சீவரத்தினம்: நிப்பாட்டு! நிப்பாட்டடா! உது… உது என்னெண்டு ஸ்ராட் வந்தது?

குணலட்சுமி: ஏன், வரக்கூடாதோ?

சீவரத்தினம்: தேங்காயெண்ணெய் ஊத்த மறந்து, பிஸ்ரன் இறுகி, நான்தானே கோப்பாயிலை இருந்து உருட்டிக்கொண்டு வந்து மூடிவிட்டனான்! உயிர் போனாலும் வராதெண்ட துணிவிலைதானேயடா உனக்குப் பிள்ளையாரிலை சத்தியம் பண்ணினனான்!